கண்டுபிடித்தவனுக்கு ஐந்நூறு, மாற்றச் சொன்னவருக்கு மரியாதை



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டுக் கீழே கருத்து எழுத வேண்டாம். முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

அண்மையில் எங்கள் பகுதியில் ஒரு நிக்காஹ் நடந்தது. யாருடையது, எந்தப் பள்ளிவாசல் என்று எழுதப் போவதில்லை. வந்திருந்தவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையை ஏற்றிவர வெளி மாவட்டத்திலிருந்து ஹையருக்கு ஒரு கார் பிடித்திருந்தார்கள். இரண்டு கதவு, இரண்டு சீற், நிலத்தோடு ஒட்டின ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். நம் ஒழுங்கைக்கும் அந்தக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பொறாமை என்பீர்கள். ஒவ்வொரு குழியிலும் அதன் வயிறு உரசின சத்தம் எல்லோருக்கும் கேட்டது, அவ்வளவுதான்.

நிக்காஹ் முடிந்து வீடியோக்காரர் படம் எடுக்க, கார் பள்ளிவாசலுக்கு முன்னால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றது. என்ஜின் ஓடவில்லை. ஹெட் லைட் எரிந்தது, ஹசார்ட் லைட் எரிந்தது, கதவுகள் திறந்து கிடந்தன. எல்லாம் முடிந்து மாப்பிள்ளை ஏற, சாரதி பட்டனை அமத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. டாஷ்போர்டில் சாவி வடிவில் ஒரு மஞ்சள் லைட் மட்டும் வந்தது. ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகி நின்றது.

அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஒருவர் உள்ளே தலையை விட்டு, கலட்டி மாட்டின் கொம்பைப் பிடித்த மாதிரி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் முறுக்கினார். இன்னொருவர் "தள்ளி ஸ்டார்ட் பண்ணுவம்" என்றார். பட்டன் ஸ்டார்ட், ஓட்டோ கியர் கார் அது. நம் பக்கத்தில் பெயருள்ள ஒரு பாஸ் வந்தார். எட்டிப் பார்த்தார். ஒரு மீற்றர் வைக்கவில்லை, பொனற்றைத் திறக்கவில்லை. "லொக் யூனிட் போயிட்டு. முழுசா மாத்தோணும். கொழும்பில இருந்துதான் எடுக்கோணும், ரெண்டு மூண்டு லட்சம் வரும்" என்றார். உடனே நாலு பேர் தலையாட்டினார்கள். கூட்டத்திலிருந்து இன்னொரு குரல்: "ஏன் மாத்துவான், டிரில் போட்டு லொக்கை உடைச்சு விடுவம்." சாரதியின் முகம் வெளிறிவிட்டது. மாப்பிள்ளையின் மாமா காசு புரட்டுவதற்குப் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

நாங்களும் அங்கேதான் நின்றோம். பத்தாம் தரத்துக்கு உராய்வு படிப்பிக்கிற, வோல்ற்றுமானியைச் சுற்றில் எப்படி இணைப்பது என்று கரும்பலகையில் கீறிக் காட்டுகிற நாங்கள், வெள்ளை ஷேர்ட் கசங்காமல் கையைக் கட்டிக்கொண்டு, அந்த நாலு பேரோடு ஐந்தாவது ஆளாகத் தலையாட்டினோம். இதை முதலில் சொல்லிவிடுகிறோம். இந்தப் பதிவில் ஏசப்படுகிறவர்களில் எழுதுகிறவரும் ஒருவர்.

அப்போது ஒரு பெடியன் வந்தான். எங்களிடம் படித்தவன். கிளிநொச்சி அறிவியல் நகரில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறான். லீவில் வந்து நின்றவன், சாறமும் தொப்பியுமாகத் தொழுதுவிட்டு வந்தவன். "ஸேர், ஒருக்கா நான் பாக்கட்டா?" என்று எங்களிடம் மெதுவாகக் கேட்டான். அந்தப் பெரிய மனிதர்களிடம் கேட்க அவனுக்குத் துணிவில்லை. வீட்டுக்குச் சைக்கிளில் போய் ஒரு மீற்றரைக் கொண்டு வந்தான்.

பற்றரியில் வைத்தான். 11.7 என்று காட்டியது. நிறைந்த 12 வோல்ற்று பற்றரி ஓய்வில் 12.6 அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் அது பேருக்குத்தான் பற்றரி. லைட் எரியும், ஹோர்ன் அடிக்கும், பாரமான வேலை எதுவும் நடக்காது. பக்கத்தில் நின்ற வானிலிருந்து வயர் கொடுத்தான். பட்டனை அமத்தச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே காதை வைத்தான். 'கிர்' என்று சின்னச் சத்தம் வந்தது, லொக் விடவில்லை. கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "மோட்டர் இழுக்குது ஸேர். யூனிட் செத்திருந்தா இந்தச் சத்தம் வராது. என்னமோ இறுக்கிப் பிடிச்சிருக்கு" என்றான்.

பிறகு காரைச் சுற்றி வந்தான். முன் இடப்பக்கச் சில்லு மதகுக் கட்டில் முட்டி, மடங்கி நின்றது. அத்தனை பேர் அந்தக் காரைச் சுற்றி நின்றோம், ஒருவர்கூடச் சில்லைப் பார்க்கவில்லை. சாரதியைப் பிரேக்கில் கால் வைக்கச் சொன்னான். ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஒரு விரல் அளவு ஆட்டச் சொன்னான். "பலமா வேணாம் நானா, தொட்டில் ஆட்டுற மாதிரி." ஆட்டிக்கொண்டே பட்டனை அமத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் விட்டது. என்ஜின் பிடித்தது.

மொத்தம் கால் மணித்தியாலம். எந்தப் பார்ட்ஸும் இல்லை.

மாமா அவன் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்து, "நல்ல காலம் தம்பி, தானா விட்டுட்டு" என்றார். பாஸுக்கு மேசை போட்டு, பிரியாணிச் சஹனில் முதல் இடம். பெடியன் மீற்றரைச் சாறத்தில் துடைத்துக்கொண்டு சைக்கிளில் போய்விட்டான்.

இப்போது கேட்கிறோம். "தானா விட்டுட்டு" என்றால் என்ன? எந்தப் பூட்டு தானாக விடும்?

அந்த லொக் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். உங்கள் மோட்டார் சைக்கிளை நினையுங்கள். ஹாண்டிலை ஒரு பக்கம் மடக்கி, சாவியை அமத்தித் திருப்பினால் ஒரு ஆணி வெளியே வந்து துளைக்குள் விழுகிறது. சைக்கிள் மதிலில் சாய்ந்து, ஹாண்டிலில் பாரம் விழுந்து நின்றால் சாவி திரும்பாது. என்ன செய்கிறோம்? ஹாண்டிலைக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டு சாவியைத் திருப்புகிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். காரிலும் அதே ஆணிதான். ஸ்டியரிங் தண்டில் பல் வெட்டிய ஒரு வளையம் இருக்கும், ஆணி அதற்குள் விழும். சில்லு எதிலாவது முட்டி நின்றால் தண்டு முறுகி, வளையத்தின் சுவர் ஆணியைப் பக்கவாட்டில் நெரிக்கும். நெரித்தால் உராய்வு. உராய்வு கூடினால் ஆணி வராது. பட்டன் ஸ்டார்ட் காரில் சாவிக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டர் அந்த ஆணியை இழுக்கிறது. ஆணி முழுதாக வந்துவிட்டதா என்று உள்ளே இருக்கும் சுவிட்ச் சொன்ன பிறகுதான் கொம்பியூட்டர் என்ஜினுக்கு அனுமதி கொடுக்கும். பற்றரி இறங்கினால் மோட்டருக்குப் பலமில்லை. சில்லு முட்டினால் ஆணிக்கு வழியில்லை. அன்று இரண்டும் ஒன்றாக நடந்தது.

மோட்டார் சைக்கிளில் நமக்குத் தெரிந்த விசயம் அந்தக் காரில் ஏன் மறந்தது? காரின் விலை நம் புத்தியை மிரட்டிவிட்டது. விலை கூடிய பொருளில் பிழை வந்தால் பிழையும் விலை கூடியதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டோம். பாஸ் இரண்டு மூன்று இலட்சம் என்றபோது நமக்குள் ஒரு திருப்தி வந்தது, இல்லையா? அந்தக் காருக்குப் பொருத்தமான தொகை! ஐந்நூறு ரூபாய் வேலை என்று ஒரு பெடியன் காட்டியபோது நம்ப மனம் வரவில்லை.

பாஸைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் அவரை அப்படி ஆக்கியது யார்? டொக்டரிடம் போகிறோம். சனல் பண்ணி, நம்பர் எடுத்து, இரண்டு மணித்தியாலம் காத்திருந்து உள்ளே போகிறோம். அவர் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை, தண்ணி நல்லாக் குடியுங்கோ" என்கிறார். அதற்கும் காசு கொடுத்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், ஒண்டுமில்லையாம்" என்று சந்தோசமாக வருகிறோம். கராஜில் ஒருவர் ஒரு மணித்தியாலம் மினக்கெட்டு, கழன்று கிடந்த ஒரு வயரைக் கண்டுபிடித்து மாட்டினால் என்ன சொல்கிறோம்? "ஒரு வயரை மாட்டினதுக்கு ரெண்டாயிரமா?" என்று சண்டை பிடிக்கிறோம். அதே ஆள் நல்ல பார்ட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப் பெட்டி ஒன்றைக் காட்டினால் பேசாமல் எண்ணிக் கொடுக்கிறோம்.

பார்ப்பதற்குக் காசு கொடுக்க மாட்டோம், மாற்றுவதற்குக் கொடுப்போம். பிறகு எந்த மெக்கானிக் பார்ப்பார்? எல்லோரும் மாற்றத்தான் சொல்வார்கள். நேர்மையாகப் பார்க்கிறவர் பட்டினி கிடப்பார். இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது நாம்தான்.

"லொக் யூனிட் உண்மையாகவே பழுதாகாதா ஸேர்?" என்று கேட்பீர்கள். ஆகும். நன்றாக ஆகும். அமெரிக்காவின் பெயர்போன ஸ்போர்ட்ஸ் கார் கொர்வெட். 1997 முதல் 2004 வரை வந்த அதன் ஐந்தாம் தலைமுறைக் கார்களில் இதே மின் ஸ்டியரிங் லொக் பெரிய தலையிடியாக இருந்தது. 'சாவியை எடுத்துவிட்டுப் பத்து செக்கன் பொறு' என்று காரே திரையில் எழுதிக் காட்டும். லொக் விடாமலேயே கார் நகர்ந்துவிடலாம் என்ற ஆபத்து இருந்ததால், 2004 இல் ஜெனரல் மோட்டர்ஸ் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திருப்பி அழைத்தது. ஓடுகிற காரில் ஸ்டியரிங் திரும்பாவிட்டால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஆகவே யூனிட் பழுதாகாது என்று நாங்கள் சொல்லவில்லை. பழுதா இல்லையா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

பார்ப்பது எவ்வளவு பெரிய விசயம் என்பதற்கும் அதே கம்பனியின் கதை ஒன்று இருக்கிறது. அவர்களுடைய சில சின்னக் கார்களில் சாவி சுவிட்ச் தளர்வு. முழங்கால் பட்டாலோ, சாவிக் கொத்துப் பாரமாக இருந்தாலோ, ஓட்டத்திலேயே சாவி பின்னால் திரும்பி என்ஜின் நின்றுவிடும். பவர் ஸ்டியரிங் போய்விடும், எயார் பேக் விரியாது. கம்பனிக்குள் பல வருடம் பைல்கள் சுற்றின. கடைசியில், மகளை இழந்த ஒரு குடும்பத்தின் வழக்குக்காக ஒரு பொறியியலாளர் கடையில் புது சுவிட்ச் ஒன்றை வாங்கி, விபத்தான காரின் பழைய சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்து அளந்தார். உள்ளே இருந்த சின்னத் தண்டின் நீளத்தில் வித்தியாசம். கம்பனி பார்ட்ஸை மாற்றிவிட்டு, பார்ட்ஸ் நம்பரை மாற்றாமல் விட்டிருந்தது. 2014 இல் 26 இலட்சம் அளவிலான கார்களைத் திருப்பி அழைத்தார்கள். 124 மரணங்களுக்கு நட்டஈடு கொடுத்தார்கள். 2015 இல் 90 கோடி டொலர் தண்டம். இவ்வளவும் வெளியே வரக் காரணம், ஒருவர் உட்கார்ந்து இரண்டு சின்னச் சாமான்களை அளந்து பார்த்தது. அவருக்கும் நாம் "நல்ல காலம் தம்பி" என்று ஐந்நூறு ரூபாய் கொடுத்திருப்போம்.

"உடைச்சு விடுவம்" என்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்தக் கட்டுத்தான் இந்த லொக். மேற்கு ஜேர்மனி 1960களின் தொடக்கத்திலேயே கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது, களவைத் தடுக்க. அதை அரைகுறையாக உடைத்தால், உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணி எப்போது வளையத்துக்குள் விழும் என்று யாருக்குத் தெரியும்? மாங்குளம் வீதி வளைவில் விழுந்தால்? மேலும், ஸ்டியரிங்குக்குள் எயார் பேக் இருக்கிறது. மஞ்சள் நிற வயர்க் கொழுவிகள் தெரிந்தால் அது எயார் பேக்குடையது. பற்றரியைக் கழற்றாமல் அந்தப் பக்கம் டிரில் பிடிப்பது, வெடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டுகிற வேலை. இந்த மண்ணில் வெடிபொருளோடு விளையாடக் கூடாது என்று யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

அந்தப் பெடியனிடம் பிறகு கேட்டு எழுதிக்கொண்ட ஒழுங்கு இது. போனில் சேமித்து வையுங்கள்.

ஒன்று: சில்லைப் பாருங்கள். கல், கட்டு, குழி எதிலாவது முட்டி நிற்கிறதா? ஸ்டியரிங்கை மெதுவாக ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்புங்கள் அல்லது பட்டனை அமத்துங்கள். முறுக்காதீர்கள்.

இரண்டு: பற்றரியை மீற்றரால் அளவுங்கள். பச்சை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறதா என்று டேர்மினலைப் பாருங்கள். முல்லைத்தீவுக் கடல் காற்றில் இது சீக்கிரம் பூக்கும்.

மூன்று: சாவிக்குள் இருக்கும் வட்டப் பற்றரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலான கார்களில் சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் கார் அதை அடையாளம் காணும்.

நான்கு: பிரேக்கை அமத்தும்போது பின்னால் சிவப்பு லைட் எரிகிறதா? எரியாவிட்டால் பிரேக் சுவிட்ச் அல்லது பியூஸ். லொக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஐந்து: பியூஸ்களைப் பாருங்கள். பிறகு ஸ்கேனர் போட்டு என்ன கோட் வருகிறது என்று எழுதிக் கேளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் யூனிட்டைப் பற்றிப் பேசலாம். "மாத்தோணும்" என்று சொல்கிறவரிடம், "எதை அளந்து பார்த்தீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள். பதில் இருந்தால் அவர் தொழிலாளி. அந்தப் பார்த்த கூலியைத் தனியாக, முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

இனி மனதில் கிடக்கிற மற்ற விசயம்.

அந்தப் பெடியன் சாதாரண தரம் முடித்து அறிவியல் நகருக்குப் போகப் போகிறேன் என்றபோது அவனுடைய உம்மாவிடம் ஊர் என்ன சொன்னது? "கராஜில வேலைக்கா படிப்பிக்கிற?" பெண் கேட்டுப் போனாலும் "கராஜ் பெடியன்" என்றுதான் சொல்வோம். அவனைவிடக் குறைந்த பெறுபேற்றோடு, தொழில் ஒன்றும் இல்லாமல், அப்ளிகேசன் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிற பெடியன் 'படிச்ச மாப்பிள்ளை'. மேடை கிடைத்தால் மட்டும் நம் முன்னோர் பெருமை. 1206 இல் அல் ஜஸரி எழுதிய பொறிகள் பற்றிய நூலில் எண் வட்டுகளால் திறக்கும் பூட்டுக்கூட இருக்கிறது. மீலாத் விழாவில் அதைப் பேசிக் கைதட்டு வாங்குவோம். அல் ஜஸரி இன்று முள்ளியவளையில் பிறந்தால் அவருக்குப் பெண் கிடைக்குமா? கை முழுக்க கிறீஸ் என்று திருப்பி அனுப்புவோம். தாவூத் நபி இரும்புக் கவசம் செய்தவர், நூஹ் நபி கப்பல் கட்டியவர் என்று குத்பாவில் கேட்டுவிட்டு வெளியே வந்து, செருப்பைப் போடும்போதே மறந்துவிடுகிறோம்.

நமக்கு இது மறக்கக் கூடாத விசயம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நம்மை வெளியேற்றியபோது காணியும் வீடும் கடையும் இங்கேயே கிடந்தன. புத்தளத்துக்கு நம் வாப்பாமாரோடு கூடப் போனது அவர்களுடைய கைத்தொழில் மட்டும்தான். தைக்கத் தெரிந்தவர் தைத்தார், மேசன் வேலை தெரிந்தவர் சுவர் கட்டினார், சைக்கிள் திருத்தத் தெரிந்தவர் வீதியோரம் பெட்டியை வைத்தார். அந்தக் கை உழைப்பில் சாப்பிட்டுத்தான் நாங்கள் ஆசிரியர் கலாசாலை வரை போனோம். அதே வருடங்களில் இந்த மண்ணில் இருந்த தமிழ்ச் சகோதரர்கள், பெற்றோல் வராத காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலில் உசுப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் காரும் ஓட்டினார்கள். எந்தப் பார்ட்ஸ் கடையும் அவர்களுக்கு இருக்கவில்லை. பார்த்து, யோசித்து, செய்தார்கள். வன்னிக்குத் திறமை புதிதல்ல. அதற்கு மரியாதை கொடுக்கத்தான் நமக்கு வரவில்லை.

அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016 இலிருந்து இருக்கிறது. மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் அங்கே படிக்கலாம், தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழோடு. பாடசாலைகளில் உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு 2013 இலிருந்து இருக்கிறது. வசதி இல்லை என்று இனியும் சொல்ல முடியாது.

ஆகவே ஜமாஅத்திடம் மூன்றே கோரிக்கைகள். ஒன்று, பள்ளிவாசல் புலமைப்பரிசில் பட்டியலில் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளோடு தொழில் படிக்கிற பிள்ளைகளையும் சேருங்கள். அவர்களுக்கு ஒரு நல்ல மீற்றரும் ஒரு ஸ்பானர் செற்றும் வாங்கிக் கொடுங்கள். இரண்டு, சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் ஒரு பஸ் பிடித்துப் பிள்ளைகளையும் பெற்றோரையும் அறிவியல் நகருக்குக் கூட்டிப் போங்கள். ஆசிரியர்கள் நாங்கள் கூட வருகிறோம். மூன்று, ஒரு நாள் ஹையருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கிற வீடுகள் அந்தக் காசில் பாதியை இந்த நிதிக்குக் கொடுங்கள். மாப்பிள்ளை வானில் வந்தாலும் நிக்காஹ் செல்லும்.

"ஸேருக்கு வேறு வேலை இல்லையா" என்று எழுதப் போகிறவர்களுக்கு: இருக்கிறது. நாளைக்குப் பத்தாம் தரத்துக்கு உராய்வுப் பாடம். இந்த முறை பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிப் போய், எங்கள் மோட்டார் சைக்கிளை மதிலில் சாய்த்து வைத்து லொக் பண்ணப் போகிறோம். அவர்களே கண்டுபிடிக்கட்டும். பாடம் நடத்த அந்தப் பெடியனையும் வரச் சொல்லியிருக்கிறோம். வரும்போது அவனைப் பிள்ளைகளுக்கு முன்னால் 'ஸேர்' என்றுதான் கூப்பிடுவோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளில் பரக்கத் செய்வானாக. அந்தக் கைகளை மதிக்கிற மனதை நமக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.